அந்தோணியார் பருத்த கதை

மகனுடைய பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைப் புதிதாக வாங்கிய தட்டைத் திரையில் போட்டால், அதிலிருந்த ஆட்களெல்லாம் பருத்துத் தெரிந்தார்கள். அகலம் குறைந்த பழைய திரைக்குச் செய்த படம் அது. செட்டிங்கைத் திறந்தால், திரைக்குப் படத்தை அனுப்பும் கிராபிக்ஸ் டிரைவர் என்கிற மென்பொருள் என்னைக் கேட்கிறது: திரை நிறைய இழுக்கவா, உருவம் கெடாமல் இரண்டு ஓரத்தையும் கறுப்பாக விடவா? இதே கேள்வி எண்பதுகளில், பென்னாகரம் பக்கத்து எங்கள் ஊரில், எட்டு வயதில் என் முன்னால் வந்து நின்றது. நான் யோசிக்காமல் இழுத்துவிட்டேன்.

அம்மாவின் தம்பி சுவர் விளம்பரம் எழுதுகிறவர். அந்தோணியார் திருவிழாவுக்குக் கோயில் முகப்பில் தொங்கவிட, பெரிய துணியில் படம் வரைந்து தருவதாகப் பங்குச் சாமியாரிடம் ஒப்புக்கொண்டிருந்தார். மாமாவுக்குப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா ஒரு கொத்தனார். படம் போடுகிறவனுக்குப் பெண் கொடுப்பதா என்று பிடி கொடுக்காமல் இருந்த அவர், திருவிழாவில் வேலையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கவலைதான்.

ஜெபப் புத்தகத்தில் செருகிவைக்கும் சின்னப் படம்தான் மாதிரி. அதில் பென்சிலால் கட்டம் போட்டு, துணியிலும் அத்தனை கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் இருப்பதைப் பார்த்து வரைந்தால் படம் பெரிதாகிவிடும். கட்டம் போடும் வேலையை நான் அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். படமோ ஒடுக்கம், துணியோ நல்ல அகலம். சதுரமாகப் போட்டால் இரண்டு ஓரமும் சும்மா கிடக்கும். பாய் கடையில் எடுத்த புதுத் துணியை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. கட்டங்களை அகட்டி, ஓரம் முதல் ஓரம் வரை நிரப்பிவிட்டேன். முழங்கால் தேய இரண்டு நாள் வேலை.

மாமா தரையில் விரித்து, கட்டம் கட்டமாக வரைந்தார். தள்ளி நின்று பார்க்க வீட்டில் இடமில்லை. முகப்பில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. அந்தோணியாருக்குத் தொப்பை விழுந்திருந்தது. கையிலிருந்த குழந்தை இயேசு குட்டிப் பயில்வானாக உட்கார்ந்திருந்தார்.

"நம்மூரு சோறு சாமிக்கு நல்லா ஒட்டியிருக்குதுங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. சாமியாரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கொத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வரஞ்சதுல தப்பில்ல. கட்டந்தான் அகண்டு போச்சு. யாருப்பா போட்டது?"

"நாந்தானுங்க. அவசரத்துல கவனிக்கலீங்க" என்றார் மாமா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் உழைப்பை இப்படி வாய் கூசாமல் தனதாக்கிக்கொள்கிறாரே. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"மாமா பொய் சொல்றாருங்க. கட்டம் பூரா நாந்தான் போட்டேன். ஒன்னு விடாம நாந்தான்."

கொத்தனார் என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்ட மாமாவைப் பார்த்தார். அன்று முதல் முறையாகச் சிரித்தார். மாமாவின் தோளில் கைபோட்டுச் சாப்பாட்டுப் பந்தலுக்கு அழைத்துப் போய்ப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். சாயங்காலமே கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

அத்தனை கட்டம் போட்ட என்னை ஒருவரும் பாராட்டவில்லை. ஊர் முன்னால் பொய் சொல்லிப் பிடிபட்ட ஆளுக்கு எப்படிப் பெண் கொடுக்கிறார்கள் என்று எனக்கு ஆறவே இல்லை. கல்யாணம் முடியும்வரை நான் மாமாவோடு பேசவில்லை.