மழைக்கு நன்றி

பண்டாரவளைச் சந்தையில் கிழங்கு விற்பவர் நனைந்த சாக்கை அடுப்போரம் காயப் போட்டிருந்தார். சூடேறிய சணலின் அந்த வாடை, ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்ட லயத்தில் எங்கள் அடுப்படியில் வீசியதுதான். அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு டிசம்பர் முழுக்க அங்கேதான் காயும்.

கிறிஸ்து பிறந்த நத்தார் வாரத்தில் சாப்பிடும் முன் ஒவ்வொருவரும் ஆண்டவருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். அது அப்பா வைத்த வழக்கம்.

ஒரு வருஷம் அந்த வாரத்தில் ஒருநாள் பெருமழை. மலையிலிருந்து பாதியில் அனுப்பிவிட்டதால் அம்மாவுக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். மத்தியானமே வந்தவர் தங்கச்சிக்குத் தலை வாரிவிட்டார், ரொட்டி சுட்டார். பள்ளிக்கூட லீவு என்பதால் நாங்கள் அடுப்பைவிட்டு நகரவே இல்லை.

சாப்பிட உட்கார்ந்ததும் நன்றி சொல்லத் தங்கச்சியின் முறை வந்தது. "மழைக்கு நன்றி ஆண்டவரே. நாளைக்கும் பெய்யணும். அம்மா வீட்டுலயே இருக்கணும்."

அப்பா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தார். நாளையும் அரைப்பேர் என்றால் நத்தாருக்குப் புதுச்சட்டை கிடையாது.

"ஆமென் சொல்லுங்க, ரொட்டி ஆறுது" என்றார் அம்மா.

கிழங்கை நிறுத்துக்கொண்டே வியாபாரி, "பாழாப்போன மழைங்க" என்றார். மற்ற நாளென்றால் நானும் "ஆமாங்க" என்றிருப்பேன். இன்று, "பெய்யட்டுங்க" என்றேன்.