வலப்பக்கம் திருகினால் காது

என் தங்கையின் கணவரை எங்கள் பகுதியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸ்டெடி என்றால்தான் தெரியும். படம் எடுப்பதற்கு முன்னால் "ஸ்டெடி" என்று ஒரு வார்த்தை சொல்வார். எதிரில் இருப்பவர் மூச்சை அடக்குவதற்கு முன்னால் இவர் அடக்கிக்கொள்வார். இவர் மூச்சு விடும்போது படம் முடிந்திருக்கும்.

பத்தொன்பது வயதில் ஸ்டுடியோவில் தட்டு கழுவச் சேர்ந்தார். சாப்பாட்டுத் தட்டு இல்லை, படம் கழுவுகிற மருந்துத் தட்டு. முதலாளிக்குப் பிறகு கடை இவருக்கு வந்தது. சொந்தக் கல்யாணத்திலேயே பாதியில் எழுந்து போய், படமெடுக்க வந்த ஆளின் விளக்கை இரண்டடி தள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "மாப்பிள்ளை எங்கே, மாப்பிள்ளை எங்கே" என்று எல்லோரும் தேடினோம். அந்த ஆல்பத்தில் என் தங்கை தனியாகச் சிரிக்கிற படம் ஒன்று இன்னும் இருக்கிறது. வெளிச்சம் மட்டும் பிரமாதம்.

நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி எடுத்தவள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியிலும் வீடுகளிலும் ஆட்களைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டியிருக்கிறேன். கேமராவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நடந்ததைச் சொல்ல அதிகம் தெரிய வேண்டியதும் இல்லை.

ஸ்டெடியின் பெருமை எல்லாம் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் தொங்குகிறது. அந்தப் பள்ளியின் விளையாட்டு விழாவில் ஒவ்வொரு வருஷமும் நூறு மீட்டர் ஓட்டத்தின் முடிவைப் படமெடுத்துச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். வரிசையாக இருபத்தாறு படங்கள். ஒவ்வொன்றிலும் நெஞ்சில் ரிப்பன் படுகிற அதே நொடி. இருபத்தாறும் இவர் எடுத்தவை. இருபத்தேழாவது படம் ஒரு காது.

காது எப்படி வந்தது என்று சொல்கிறேன். இவருடைய நீள லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. ரிப்பேர்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "தோட்டமே போட்டிருக்கு சார், இந்த மாடலை நிறுத்தி ரொம்ப நாளாச்சு" என்று கையைக் கழுவிவிட்டார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் உடனே ஒரு புதுக் கேமராவும் நீள லென்ஸும் வாங்கி அனுப்பினாள். நல்ல பெண். கம்பெனி மட்டும் வேறு.

கேமராவில் இது பெரிய விஷயம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. லென்ஸின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். பழைய கம்பெனி லென்ஸில் விரல்களை வலப்பக்கம் தள்ளினால் காட்சி விரியும், இடப்பக்கம் தள்ளினால் கிட்டே வரும். புதுக் கம்பெனியில் நேர்மாறு. லென்ஸை மாட்டுவதும் அப்படித்தான். ஒன்று இந்தப் பக்கம் திருகினால் பூட்டும், மற்றது அந்தப் பக்கம். வெளிச்சத்தைக் கூட்டுகிற சக்கரமும் மாற்றித்தான் சுற்றியது. புதுக் கேமராவில் எடுத்த முதல் பாஸ்போர்ட் படத்தில் ஒரு வாத்தியார் கரிமூட்டைக்குள் இருந்து எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தார்.

இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளவும் முடியாது. தூரத்துப் படத்துக்குப் புதியது வேண்டும். கிட்டத்துப் படத்துக்குப் பழைய கேமராவில் இருக்கும் குட்டை லென்ஸ்தான். இதை அதில் மாட்ட முடியாது, அதை இதில் மாட்ட முடியாது. இரண்டையும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போனார். பழையதற்கு மாமியார், புதியதற்கு மருமகள் என்று பெயரும் வைத்தார்.

"ரெண்டு பேரையும் ஒரே கழுத்துல கட்டிக்கிட்டா இப்படித்தான் ஆகும்" என்றாள் தங்கை.

சென்ற வருஷம் ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்த பெண் கோட்டை நெருங்க நெருங்க, காட்சியை விரிப்பதற்காக ஸ்டெடி விரல்களை வலப்பக்கம் தள்ளினார். கையில் இருந்தது மருமகள். காட்சி விரியவில்லை, பாய்ந்து கிட்டே வந்தது. பந்தயம் முடிந்து பார்த்தால் சட்டம் நிறைய ஒரு காது. மிகத் துல்லியமான காது. கம்மல் துவாரம் வரைக்கும் தெரிந்தது.

தலைமையாசிரியை ஒழுங்கு பார்ப்பவர். ஒரு வருஷம் விட்டால் வரிசை கெடும் என்று அதையே மாட்டிவிட்டார். கீழே 'நூறு மீட்டர், பெண்கள், முதலிடம்' என்ற எழுத்து வேறு. அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குப் பள்ளியில் பெயரே காது. தலைமையாசிரியை ஸ்டெடியைக் கூப்பிட்டு ஒன்றுதான் சொன்னார்: "இருபத்தாறு வருஷத்துக்காக இன்னொரு தடவை பார்க்கிறேன். அடுத்த வருஷமும் இப்படின்னா வேற ஆளை வச்சுக்கிறேன். தப்பா நினைக்காதீங்க."

இவர் தப்பாக நினைக்கவில்லை. சாப்பாட்டைத்தான் குறைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்தப் பெண்ணே ஸ்டுடியோவுக்கு வந்தாள், விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க. ஸ்டூலில் உட்கார்ந்ததும் கேட்டாளாம்: "அங்கிள், இதுலயாவது மூக்கு வருமா?"

ஸ்டெடி சிரிக்கவில்லை. "எல்லாம் வரும்மா."

"எனக்கு இது கடைசி வருஷம். நான்தான் முதல்ல வருவேன், அதுல சந்தேகம் இல்ல. அந்தச் சுவர்ல என் முகம் இருக்கணும் அங்கிள். காதை எல்லாரும் பார்த்தாச்சு."

அதற்கப்புறம்தான் பயிற்சி தொடங்கியது. காலையில் ஜன்னல் வழியாகத் தெருவில் போகிற சைக்கிள்களை மருமகளில் பார்த்து இடப்பக்கம், இடப்பக்கம் என்று விரலைப் பழக்குவார். மாலையில் மாமியாரை எடுத்து வலப்பக்கம், வலப்பக்கம். கேமரா இல்லாத நேரத்தில் டப்பா மூடிகளை வைத்துப் பழகினார். பலன் இருந்தது. கேமராவில் இல்லை, வீட்டில்.

ஒரு வியாழக்கிழமை காலை தங்கை எனக்குப் போன் செய்தாள். "அக்கா, உடனே வா. அவருக்கு இடது வலது தெரியல."

என் வேலையில் அந்த வாக்கியத்தைக் கேட்டால், பக்கவாதமோ என்று காபியைக் கீழே வைத்துவிட வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர். குழாயின் திருகு மேஜை மேல் இருந்தது. ஸ்டெடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, துணியைப் போட்டுட்டு உட்காருங்க. பல்லைக் காட்டுங்க."

"எதுக்குக்கா?"

"காட்டுங்க."

காட்டினார். வாய் கோணவில்லை. இரண்டு கையையும் நீட்டிக் கண்ணை மூடச் சொன்னேன். எந்தக் கையும் இறங்கவில்லை.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன். விளையாட்டு விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள்."

மூளை சரியாகத்தான் இருந்தது. தங்கை ஒரு பட்டியலை நீட்டினாள். சர்க்கரை டப்பாவைத் திறக்கிறேன் என்று மூடி இறுக்கியது, நான்கு நாளாக யாராலும் திறக்க முடியாதது. அடுப்பை அணைக்கிறேன் என்று பெரிதாக்கியது. பக்கத்து வீட்டுக்காரரின் கதவுப் பூட்டைச் சரிசெய்யப் போய் அவரை உள்ளேயே வைத்துப் பூட்டியது. கடைசியில் குழாய். மூடுகிறேன் என்று திறக்கிற பக்கமாகவே திருகித் திருகிக் கையோடு எடுத்துவிட்டார்.

"வீட்ல இருக்கற எல்லாம் ஒரே கம்பெனிக்கா, எல்லாம் மாமியார் பக்கம்" என்றார் ஸ்டெடி, தலையைக் குனிந்துகொண்டு. "கையை மருமகள் பக்கம் பழக்கிட்டேன். இப்ப ரெண்டும் வரல."

"ரெண்டு கேமராவுக்காக ஒரு வீட்டை முக்கணுமா?" என்றாள் தங்கை.

முதலில் எனக்குத் தெரிந்த வழியைச் செய்தேன். ஆஸ்பத்திரியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று குழப்பம் வந்தால் கலர் பட்டை ஒட்டுவோம். மருமகளின் வளையத்தில் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை ஒட்டி, அம்புக்குறியும் போட்டேன். ஸ்டெடி கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்:

"கண்ணு உள்ள இருக்குக்கா. பட்டை வெளிய இருக்கு."

அது நியாயம்தான். பட்டையை உரித்தேன்.

பிறகு அவர் கையைக் கவனித்தேன். இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், ஏந்துவதுபோல். நாற்பது வருஷமாக அந்தக் கை 'விரிக்கணும்' என்றால் வலப்பக்கம்தான் போகும். அறுபதை நெருங்குகிற ஆளின் கையை ஒன்பது நாளில் மாற்றுவது நடக்காது. நானும் பலருக்குக் கைப்பயிற்சி கொடுத்திருக்கிறேன், நாள் கணக்கு எனக்குத் தெரியும். கையை மாற்ற முடியாவிட்டால் கை இருக்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

தங்கையைக் கட்டிலில் படுக்கச் சொன்னேன்.

"எனக்கு என்ன?"

"உனக்கு ஒண்ணும் இல்ல. படு."

கட்டிலின் இந்தப் பக்கம் நின்று அவள் தோளையும் இடுப்பையும் பிடித்துத் தள்ளினேன். சுவர்ப் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் போய் அதே மாதிரி தள்ளினேன். ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை? என் கை ஒரே வேலையைத்தான் செஞ்சுது. நான் நின்ன பக்கம்தான் வேற."

"இன்னொரு தடவைக்கா."

"நான் என்ன பீப்பாயா? ஆளுக்கு ஆள் உருட்டறீங்க!" என்று எழுந்து உட்கார்ந்தாள் தங்கை.

ஸ்டெடி மருமகளை எடுத்தார். கையை அடியிலிருந்து எடுத்து லென்ஸின் மேலே கவிழ்த்து வைத்தார். விரல்களை வலப்பக்கம் தள்ளினார். கண்ணை எடுக்காமலே சொன்னார்: "விரியுதுக்கா."

அடியில் பிடித்தால் ஒரு பக்கம் சுற்றுகிற வளையம், மேலே பிடித்து அதே திசையில் தள்ளினால் மறுபக்கம் சுற்றும். அவ்வளவுதான் விஷயம். இதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அடியில் கை இல்லாததால் அந்த நீள லென்ஸ் தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் தலைபோலத் தொங்கியது. தாங்க ஏதாவது வேண்டும். என் வீட்டு அலமாரியில் ஒரு வாக்கர் இருந்தது, கால் முறிந்தவர்கள் பிடித்து நடக்கும் நாலுகால் சட்டம். கால்களை உயரமாக இழுத்துவிட்டு, மேல் கம்பியில் தலையணையைக் கட்டிக் கொடுத்தேன். லென்ஸ் அதில் சுகமாகப் படுத்துக்கொண்டது.

சனிக்கிழமை மைதானத்துக்குள் ஸ்டெடி அந்த வாக்கரை முன்னால் வைத்து வைத்து நடந்து போனார். கழுத்தில் இரண்டு கேமரா, பின்னால் தலையணை உறையைச் சரிசெய்தபடி நான். பெற்றோர் கூட்டம் பதறி வழிவிட்டது. ஒருவர் ஓடி வந்து நாற்காலி போட்டார்.

"சார், முட்டி ஆபரேஷனா?"

"இல்லைங்க, லென்ஸ்."

"கண்ணுல லென்ஸ் வச்சதுக்கா இந்த வண்டி?" என்று அவர் என்னைக் கேட்டார். நான் தலையணை உறையை இழுத்துவிட்டேன். வேலை நேரத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

தலைமையாசிரியை தூரத்திலிருந்தே பார்த்தார். இவர் வாக்கரை ஊன்றி, லென்ஸைத் தலையணையில் கிடத்தி, கையை அதன்மேல் வைத்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "என்ன அவர், அதுக்குக் காய்ச்சல் பார்க்கிறாரா?"

நூறு மீட்டர், பெண்கள். காது நாலாவது தடத்தில் நின்றாள். கிளம்பும் முன் ஒரு தடவை வாக்கரைப் பார்த்தாள். அவள் முகத்தில் நம்பிக்கை குறைந்ததை நானே பார்த்தேன். விசில் ஊதினார்கள். ஸ்டெடி முணுமுணுத்தார்: "ஸ்டெடி." நானும் மூச்சை அடக்கினேன். வாக்கர் நான்கு காலிலும் அசையாமல் நின்றது. அவள் கிட்டே வர வர மேலிருந்த விரல்கள் வலப்பக்கம் நகர்ந்தன. ரிப்பன் நெஞ்சில் பட்டது. அவள்தான் முதல்.

ஸ்டெடி கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திருப்பிக் காட்டினார். நெற்றி, இரண்டு கண், மூக்கு, கத்துகிற வாய், பறக்கிற ரிப்பன், தரையைத் தொடாத இரண்டு கால். காதும் இருந்தது, தேவையான அளவில்.

அந்தப் பெண் மூச்சிரைக்க வந்து வாக்கர் மேல் கவிழ்ந்து பார்த்தாள். "அங்கிள்! மூக்கு!"

"வரும்னு சொன்னேன்ல?"

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பரிசளிப்பு இருந்தது. மேடை கிட்டத்தில் இருப்பதால் மாமியாரை எடுத்தார். தலைமையாசிரியை கோப்பையை நீட்டினார், பெண் வாங்கினாள். இருவரையும் ஒன்றாகக் கொண்டுவர ஸ்டெடி காட்சியை விரித்தார். அப்போதுதான் கவனித்தேன். ஒன்பது நாள் பழக்கத்தில் கை மாமியாரின் தலைமேல் ஏறிக் கவிழ்ந்திருந்தது. "மாப்பிள்ளை, கை!" என்று கத்துவதற்குள் "ஸ்டெடி" சொல்லியாகிவிட்டது.

திங்கட்கிழமை இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். நானும் போனேன், சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றார். தலைமையாசிரியை ஓட்டப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஆணியையும் சுத்தியலையும் எடுத்து வைத்தார். பிறகு இரண்டாவது படத்தைத் திருப்பினார். அதில் ஒரு காது. நரை முடி இரண்டு, கண்ணாடிக் காம்பு, பழைய தோடு.

சொந்தக் காதை யாரும் உடனே அடையாளம் கண்டுகொள்வதில்லை. கொஞ்ச நேரம் ஆனது. கை மெதுவாகத் தோட்டுக்குப் போனது.

ஸ்டெடி எழுந்து நின்றார். "மேடம், வேற ஆளை வச்சுக்கறதுன்னா..."

"ஆமா" என்றார் அவர். "அடுத்த வருஷம் பரிசு கொடுக்க வேற ஆளை வச்சுக்கிறேன். ஓட்டத்தை நீங்களே எடுங்க."

இருபத்தெட்டாவது படம் இப்போது வராந்தாவில் இருக்கிறது. அந்தப் பெண் போகும்போது பெயரையும் விட்டுவிட்டுப் போய்விட்டாள். அது இப்போது யாருடையது என்று பிள்ளைகள் தலைமையாசிரியையின் காதுபடப் பேசுவதில்லை. சர்க்கரை டப்பா இன்னும் திறக்கவில்லை. என் வாக்கரும் இன்னும் வரவில்லை, மூன்று தடவை கேட்டுவிட்டேன். எனக்கே அது தேவைப்படும் வயது நெருங்குகிறது.