வெயிலில் வெளுத்த ஏரித் தண்ணீர்

துணி காயப்போடும் மொட்டைமாடியில் தண்ணீரைக் காயப்போடுகிறவளை வேறெங்கும் பார்க்க முடியாது. குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தின் பொறுப்பாளர் அவள். கூடத்தைச் சுற்றி உயரமான கட்டடங்கள், வெயில் எட்டிப்பார்ப்பதே அபூர்வம். அதனால் ஏரித் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிச் சோதனைக் குழாய்கள் அவள் வீட்டு மாடிக்கு வந்தன. தெருவில் அவளுக்கு 'வெயில்காரம்மா' என்று பெயர்.

இலைச்சருகு ஊறி ஏரி தேநீர் நிறத்தில் கிடக்கும். கோடையில் தானாக வெளுக்கும்.

"தண்ணிதான் தெளிஞ்சிடுதே. கோடையில சுத்திகரிப்பைப் பாதியாக் குறைச்சா என்ன?" என்றார் குடிநீர் வாரியப் பொறியாளர்.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. வெயில் சருகுச் சாற்றைப் பொடிப்பொடியாக உடைக்கிறது; நிறம் போனாலும் அந்தத் துண்டுகளில் பெரும்பகுதி தண்ணீரிலேயே இருக்கும், கிருமிகளுக்கு அது நறுக்கிவைத்த சாப்பாடு என்பது அவள் கட்சி. நிரூபிக்காவிட்டால் ஊரே அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டியதுதான்.

பாதிக் குழாய்களை வெயிலில் திறந்து வைத்தாள். மீதியை வெள்ளித்தாளில் சுற்றினாள். சூடு இரண்டுக்கும் ஒன்று, வெளிச்சம் மட்டும் வேறு. சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் இரண்டுமே வெளுத்திருந்தன.

"இந்தத் தாளை யாராவது பிரிச்சாங்களா?"

வீட்டிலேயே தையல் தைக்கும் அவள் கணவர் பெருமையாகத் தலையாட்டினார். "நான்தான். அதுங்களுக்கு மட்டும் வெயில் படலையேன்னு தினமும் பிரிச்சு வைப்பேன். நீ வர்றதுக்குள்ள திரும்பச் சுத்திடுவேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். உதவி உபத்திரவமாக முடிந்த கதைதான்.

மறுநாள் சுத்திகரிப்பைக் குறைப்பது பற்றிய கூட்டம். மூடிவைத்த தண்ணீர் நிறம் மாறவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாது. விடை என்னவென்று அவளுக்கு ஏறக்குறைய தெரியும்.

"சோதனை கெட்டுப்போச்சு சார். வீட்ல தாளைப் பிரிச்சுட்டாங்க. மறுபடி செய்யணும்."

அறையே சிரித்தது. அவள் உட்காரவில்லை, தலையும் குனியவில்லை. நான் சொல்கிறேன், அந்த நிமிர்வுக்குத்தான் மாலை போட வேண்டும். கடைசியில் பொறியாளர் கையசைத்து, இன்னொரு தடவை செய்யச் சொன்னார்.

இந்தத் தடவை கணவர் தையல் மெஷினையே மாடிக்கு ஏற்றி, குடைக்கடியில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். தாளுக்குள் இருந்ததன் தேநீர் நிறம் மாறவில்லை. வெயில் பட்டது வெளுத்திருந்தது. இரண்டிலும் ஒரே அளவு கிருமியை விட்டுப் பார்த்தால், வெளுத்ததில்தான் அது பல மடங்கு பெருகியது.

அடுத்த கூட்டத்தில் ஒருவர் இழுத்தார். "வீட்டு மாடியில செஞ்சது. இதை எப்படி நம்புறது?"

அவள் வாய் திறப்பதற்குள் பொறியாளர் முந்திக்கொண்டார்.

"கெட்டுப்போச்சுன்னு இதே இடத்துல நின்னு சொன்னவங்க. நாம சிரிச்சோம். இப்ப சரியா வந்திருக்குன்னு அவங்களே சொல்றாங்க. எனக்கு அது போதும். சுத்திகரிப்பைக் குறைக்க வேண்டாம்."