கடைசி பெஞ்சுக்கு நன்றி

"பாடம் பிரமாதம், குரல்தான் எழும்பலை" என்று இரண்டு பள்ளிகள் அந்தப் புது டீச்சரைத் திருப்பி அனுப்பிவிட்டன. மூன்றாவது நேர்முகத் தேர்வுக்குக் கணவரையே மாணவனாக்கிப் பயிற்சி எடுத்தாள். பகலெல்லாம் லாரி ஓட்டிவிட்டு வந்த மனிதர், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பின்னக் கணக்கைக் கேட்டபடி வாய் பிளந்து கொட்டாவி விடுவார். மற்ற நேரத்தில் அவரை 'வாங்க, போங்க' என்பவள், பாட நேரத்தில் மட்டும் "டேய் கடைசி பெஞ்ச், எழுந்து நில்லு!" என்று அதட்டப் பழகினாள். அவருக்கும் அதில் ஒரு குஷி.

தேர்வன்று மாதிரி வகுப்பு. தலைமை ஆசிரியர் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பின்னம் பாதியில் இருக்கும்போது கொட்டாவி விட்டார். பழக்கதோஷம், அவள் வாய் முந்திக்கொண்டது.

"டேய் கடைசி பெஞ்ச், எழுந்து நில்லு!"

அவரும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். கிடைக்கவிருந்த வேலையும் போயிற்று என்று அவள் நினைத்தாள்.

"திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க டீச்சர்" என்றார் அவர். "இப்ப நான் உட்காரலாமா?"

வீட்டுக்கு வந்ததும் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் உங்க நடிப்பாலதாங்க."

"நடிப்பா? நிஜத் தூக்கம்மா அது!"

"தூக்கத்தோடவா தினமும் உட்கார்ந்தீங்க? அப்ப நன்றி ரெண்டு மடங்கு. டேய் கடைசி பெஞ்ச், போய்ப் படு!"