செங்கடலைப் பிளந்தவர் பார்த்துக்கொள்வார்

டிசம்பர் வந்தால் எங்கள் சபைப் பெண்கள் கூட்டம் வாரம் ஒரு வீட்டில் நடக்கும். இந்த முறை மூன்றாம் வாரம் சிட்லபாக்கத்தில் எங்கள் வீடு. வீட்டுக்காரிதான் தேவசெய்தி கொடுக்க வேண்டும். எனக்கு வந்த பைபிள் பகுதி, குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோன் மரியாளிடம் சொன்னது. ஒரு பட்டயம் உன் ஆத்துமாவை ஊடுருவும் என்கிறார். பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆனவளிடம் பேசுகிற பேச்சா இது? அந்தப் பெரியவர்மேல் எனக்கு எப்போதுமே கோபம்தான்.

வாசித்து முடித்ததும் எதிர்வீட்டுப் பெண் வாயைத் திறந்தாள். அவள் இந்து. கேக்குக்காகவும் பாட்டுக்காகவும் வருடா வருடம் வந்து உட்காருவாள்.

"பட்டயம்னா டிப்ளமாதானேக்கா? நல்ல விஷயம்தானே. உங்க பையன்கூட வாங்கிட்டானே."

எல்லோரும் சிரித்தார்கள். பைபிளில் பட்டயம் என்றால் வாள் என்று போதகரின் மனைவி விளக்கினார். நான் மட்டும் பைபிளை மூடி வைத்தேன்.

என் மகன் கப்பல் டிப்ளமா முடித்தவன். ஊரே இன்ஜினியரிங் படிக்கிறது, நீ இதைப் படி என்று நான்தான் அடம்பிடித்துச் சேர்த்தேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவன் முதல் கப்பலுக்குக் கிளம்ப வேண்டும். அது செங்கடல் வழியாகப் போகும். அங்கே சரக்குக் கப்பல்கள்மேல் ஏவுகணை விழுவதை டிவியில் பார்த்திருந்தேன்.

அவனுக்காக ஜெபிக்கச் சொல்லிச் சபையில் கேட்டபோது ஒருவர் விடாமல் ஒரே பதில். "செங்கடலைப் பிளந்தவர் பாத்துக்குவார் சிஸ்டர்." நானும் மற்றவர்களுக்கு இப்படிக் கூசாமல் சொன்னவள்தான். மோசேயின் ஜனங்கள் தப்பிக்கப் பிளந்த கடல், துரத்தி வந்த எகிப்தியர்மேல் மூடவும் செய்ததே! மூழ்கிய படைவீரர்களுக்கும் எங்கேயோ அம்மாக்கள் இருந்திருப்பார்கள். அந்த அதிகாரத்தை நான் அதுவரை அப்படி வாசித்ததில்லை.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வந்து பிரியாணி பரிமாறினேன். அவன் தட்டைத் தொடவில்லை.

"அம்மா, மனசுல ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. நீ வேணாம்னா நான் போகல."

அவனுக்கும் பயம் என்று முகத்திலேயே தெரிந்தது. வேண்டாம் என்ற சொல் என் தொண்டைவரை வந்தது. சபையே ஜெபித்தபிறகு பிள்ளையை நிறுத்திக்கொண்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? தேவசெய்தி கொடுத்தவளுக்கே விசுவாசம் இல்லையா என்பார்கள்.

"செங்கடலைப் பிளந்தவர் பாத்துக்குவார்டா," என்றேன்.

"சரிம்மா," என்று சாப்பிட ஆரம்பித்தான்.

'நாளைக்குச் செங்கடலுக்குள்ள போறோம், நெட் இருக்காது' என்பதுதான் கப்பலிலிருந்து அவன் கடைசியாக வாட்ஸப்பில் அனுப்பியது. அது வந்து இன்றோடு ஆறு நாள். நான் அனுப்பியதற்கெல்லாம் ஒற்றை டிக். கம்பெனிக்குப் போன் செய்தால், தகவல் வந்ததும் சொல்கிறோம் என்கிறார்கள். நேற்று போதகரின் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அதே வார்த்தையைச் சொன்னார். கையை உருவிக்கொண்டேன்.

நான் சொன்னது விசுவாசம் இல்லை. நாலு பேருக்குப் பயந்து சொன்னது. போகாதே என்று சொல்லியிருக்கலாம். கர்த்தர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.