பேச்சுக்குழாயில் அடைத்த துணி

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். இது நான் கண்ணால் பார்த்தது.

1942. மால்டாவுக்குப் போன சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போனது எங்கள் ‘மெலாந்தா’. விமானங்களைச் சுடுவதற்கென்றே பீரங்கிகளை நிரப்பிய போர்க்கப்பல். குண்டு தீர்ந்தால் எங்கள் கதையும் தீர்ந்தது. பீரங்கிக் கூண்டில் நானும் எங்கள் மேலாள் ஹார்கிரீவும். எங்கள் காலடியில் இருந்த மூடிக்குக் கீழே, குண்டறையில், என் கூட்டாளி பாஸ்கோ. இடையில் ஒரு பேச்சுக்குழாய். ஹார்கிரீவ் காவல் நேரத்தில் தூங்கியதைக் கேப்டனிடம் சொல்லப்போவதாக பாஸ்கோ அன்று காலையில்தான் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தான்.

மாலை 4.10. கப்பலை ஒட்டி ஒரு குண்டு விழுந்தது. குண்டறையில் தீ. எல்லோரும் ஏறியதும் உள்ளே கடல்நீரைத் திறந்துவிடும்படி கட்டளை வந்தது. மூன்று பேர் ஏறினார்கள். கடைசி ஆளான பாஸ்கோ இன்னும் ஏறவில்லை. ஹார்கிரீவ் மூடியைச் சாத்தித் திருகினார். எல்லோரும் வந்தாயிற்று என்று மேலே தகவல் சொன்னார்.

குழாயில் பாஸ்கோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

“டென்சில்... டேய், நான் இன்னும் உள்ளதான்டா இருக்கேன்...”

ஹார்கிரீவ் என்னிடம் கையை நீட்டினார். நான் என் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கொடுத்தேன். ஆமாம், நான்தான். அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு பயம். அதைக் குழாய்க்குள் திணித்தார். கீழே கடல்நீர் பாய்ந்தது.

பிறகு ஆள் எண்ணியபோது ஒருவன் குறைந்தான். ஹார்கிரீவ் கையை விரித்துவிட்டார்.

மறுநாள் மாலை 3.55. துணி ஈரமாக இருந்தது.

4.02. குழாயிலிருந்து உப்புநீர். சொட்... சொட்...

“ஒழுகுது. பேசாம வேலையப் பாரு” என்றார் ஹார்கிரீவ். அவர் முகம் வெளுத்திருந்தது.

4.09. துணி மெல்ல உள்ளே போனது. யாரோ கீழிருந்து இழுத்தார்கள்.

பிறகு அந்தக் குரல்... நிதானமாக.

“சார்... இப்ப நீங்க வாங்க.”

அபாயமணி அடித்தது. வானத்தைப் பார்த்தேன். ஒரு நொடிதான்.

திரும்பினேன்.

ஹார்கிரீவ் இல்லை.

கடலில் விழுந்திருப்பார் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஒன்பது நாள் கழித்து, அலெக்சாண்ட்ரியா துறைமுகத்தில் தண்ணீரை இறைத்துவிட்டுக் குண்டறையைத் திறந்தார்கள். மூடியின் திருகு உப்புப் பூத்து இறுகிக் கிடந்தது. அதைத் தளர்த்த நான்கு பேர் வேண்டியிருந்தது. பாஸ்கோவைத் தூக்க ஒரே ஒரு தூக்குப்படுக்கை கொண்டுவந்திருந்தார்கள்.

இரண்டு தேவைப்பட்டன.

ஹார்கிரீவின் வாய்க்குள் என் கழுத்துத் துணி இருந்தது. கிழித்த பாதி.

மறுபாதி கிடைக்கவே இல்லை. அதை அவன் எனக்காக வைத்திருக்கிறான்...