கந்தகப் புகையில் ஒரு பெயர்

தீக்குச்சி உரசியதும் மூக்கில் ஏறும் கந்தக நெடி இன்றும் என்னைச் சன்னல் பக்கம் ஓட வைக்கிறது. அடுப்பு பற்றுவதற்குள் வீட்டுக் கதவையெல்லாம் திறந்துவிடுவேன், என் மகள் சிரிப்பாள்.

ராயபுரம் ரயில் பட்டறையில் அப்பா கொல்லராக இருந்தபோது, பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய மூன்றாம் வகுப்புப் பெட்டி நின்றது. ஞாயிறு பிற்பகல்களில் ரெஜினா டீச்சர் அதில் பட்டறைக் குடியிருப்பான எங்கள் "லைன் வூட்டு"ப் பெண்களுக்குச் சம்பளமே வாங்காமல் தமிழும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தார். கேலி செய்யும் ஆண்கள் ஏறிவிடாதபடி காவல்காரர் பெட்டியை வெளியிலிருந்து பூட்டிவிடுவார். அப்பாவும் கேலிக்காரர்தான். "பேர எய்தக் கத்துகினு இன்னா, கலெக்டராவப் போறியா?" என்பார். அம்மா சிலேட்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கிளம்பிவிடுவாள்.

ஒரு ஞாயிறு டீச்சர் வரத் தாமதம். காவல்காரர் வழக்கம்போல் எங்களைப் பூட்டிவிட்டு எங்கோ போயிருந்தார். மூட்டைப்பூச்சிக்குப் புகை போட வேண்டிய பெட்டிகளை இழுக்க வந்த எஞ்சின், தவறுதலாக எங்கள் பெட்டியையும் சேர்த்து நகர்த்தியது.

"டீச்சரம்மா நம்மள எண்ணூருக்கு ஊர்கோலம் இட்டுகினு போறாங்கோ" என்று பக்கத்து வீட்டு எலிசா அக்கா சொல்ல, எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குமுன் இருண்ட கொட்டகைக்குள் பெட்டியைத் தள்ளி இரும்புக் கதவைச் சாத்திவிட்டார்கள். சட்டிகளில் கந்தகம் புகைந்தது. நாங்கள் கத்தியது எஞ்சினின் நீராவி இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. சன்னல் கம்பிகளும் அசையவில்லை. எலிசா அக்காவின் கைக்குழந்தை இருமி இருமி நீலம் பாரித்தது.

அம்மா சிலேட்டை எடுத்தாள். பட்டறை ஃபோர்மேனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது; இங்கிலீஷில் உதவி கேட்க அவளுக்குத் தெரியாது. தெரிந்தது முதல் பாடத்தின் ஒரே வாக்கியம்: "மை நேம் ஈஸ் மரியம்மா." அதை எழுதி, கம்பிக்கு வெளியே, கொட்டகைக் கதவின் கண்ணாடித் துண்டு வழியாக விழுந்த வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தாள்.

பெட்டிகளின் மேல் சாக்கட்டியால் குறி எழுதுவது பட்டறை வழக்கம். புகை பரவிவிட்டதா என்று கண்ணாடி வழியே பார்த்த ஆங்கிலோ இந்திய ஃபோர்மேன், அதையும் குறி என்றே படித்தாராம். பெட்டி எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெண்ணின் பெயர். கதவு திறந்தது.

குழந்தையும் பிழைத்தது. வகுப்புதான் பிழைக்கவில்லை. அப்பா அதன் பிறகு கேலி செய்யவே இல்லை; "உசுரோட வந்தியே, அது போதும். இனிமே வூட்லயே கெட" என்று மட்டும் சொன்னார். அம்மா இரண்டாம் பாடத்தைப் படிக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

இன்று அந்தப் பெட்டியும் கொட்டகையும் இல்லை. அங்கே லாரிகள் நிற்கின்றன. என் மகள் ஞாயிறுதோறும் திருவொற்றியூரில் ஆலைப் பெண்களுக்குக் காசு வாங்காமல் பாடம் சொல்லப் போகிறாள். போகாதே என்ற சொல் என் வாய்வரை வரும். அது அப்பாவின் குரலாக இருக்கும், விழுங்கிவிடுவேன். கூடவே போகிறேன். "உள்ள வந்து உக்காரும்மா" என்கிறாள். நான் வாசலிலேயே, கதவு சாத்திக்கொள்ளாதபடி முதுகு கொடுத்து நிற்கிறேன். உள்ளே பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொல்கிறார்கள். அது முடிந்து இரண்டாம் பாடம் தொடங்கும்வரை எனக்கு மூச்சு சீராவதில்லை.